புத்தகம் முதலா, சாப்பாடு முதலா? எங்கள் மாலை வகுப்பில் முடிவாகாத கேள்வி

மாலைவகுப்பு எழுதியது:

நண்பர்களே, வணக்கம். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை முப்பத்துநான்கு பிள்ளைகள் வருகிறார்கள். இதுவரை நோட்டு, பென்சில், சில கதைப் புத்தகங்கள், எங்கள் நேரம், இவ்வளவுதான் செலவு. இப்போது ஒருவர் ஓராண்டுக்குப் போதுமான நன்கொடை தர முன்வந்திருக்கிறார். அதில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். சிறு நூலகம் அமைத்துச் சம்பளத்துக்கு ஓர் ஆசிரியரையும் வைக்கலாம். அல்லது தினமும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடலாம்.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பையன் ஒருவன். கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்கு நன்றாகத் தெரியும், மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். வியாழக்கிழமை அதே கணக்கில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்குகிறான், வாங்கியதை மறந்துவிடுகிறான், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். "நேற்றுத்தானே நீ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்?" என்று எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய நாள் இரவிலிருந்து அவன் சாப்பிடவில்லை என்று வகுப்பு முடிந்து போகும்போது அவனுடைய அக்காதான் சொன்னாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையபலகை எழுதியது:

தம்பி, முப்பத்தொரு வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் நான். உங்களைப் போலவே கடிந்துகொண்டிருக்கிறேன். ஒருமுறையல்ல.

பசித்த பிள்ளை "பசிக்கிறது" என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு வருடம் ஆயிற்று. அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளை, மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே இருக்கிற பிள்ளை, காரணமில்லாமல் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிற பிள்ளை என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எனக்கு மிகவும் உதவிய அடையாளம் வேறு. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அழகாக எழுதிவிடும். சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பார்த்து எழுதுவதற்கு மனத்தில் எதையும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. கேட்டு எழுத வேண்டுமானால் முன்சொல்லைப் பிடித்துக்கொண்டே பின்சொல்லை வாங்க வேண்டும். உங்கள் பையனின் கழித்தல் கணக்கும் அதேதான். கடன் வாங்கிய ஒன்றை மனம் பிடித்து வைத்திருக்கவில்லை.

நாங்கள் இதற்கெல்லாம் மதிப்பெண் அட்டையில் என்ன எழுதினோம் தெரியுமா? "கவனக்குறைவு." எத்தனை பிள்ளைகளின் அட்டையில் அந்தச் சொல்லை எழுதினேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் வகுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சில பிள்ளைகளுக்குச் சட்டை தளர்ந்திருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் சட்டம் 1906இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்டு நகரில் ஏழைப் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளியில் சாப்பாடு போட்டு வாராவாரம் எடை பார்த்தார்கள். சாப்பாடு கிடைத்த வாரங்களில் எடை ஏறியது. நடுவில் விடுமுறை வந்ததும் இறங்கியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நாம் புத்தகமா சாப்பாடா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நேர்கோடு எழுதியது:

என் கருத்து பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் வகுப்பு நடத்துகிறீர்கள், அன்னதானம் செய்யவில்லை. உணவு தருவது பெற்றோரின் பொறுப்பு, அவர்களால் முடியாவிட்டால் அரசின் பொறுப்பு. ஒன்பது பேர் கொண்ட குழு ஓராண்டு சாப்பாடு போட்டுவிட்டு நன்கொடை தீர்ந்ததும் நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளின் நிலை என்ன? இன்று சாப்பிட்டது நாளை தீர்ந்துவிடும். வாசிக்கக் கற்றுக்கொண்டது தீராது. நல்ல ஆசிரியர் ஒருவர் ஓராண்டில் முப்பத்துநான்கு பேரையும் சரளமாக வாசிக்க வைத்துவிட்டால் அதை யாரும் அவர்களிடமிருந்து பறிக்க முடியாது.

இன்னொன்று. சாப்பாடு தொடங்கினால் வகுப்பு சாப்பாட்டைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடும். சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, யாருக்கு எவ்வளவு என்ற சச்சரவு. படிப்புக்கு அரை மணி நேரம் மிஞ்சும். இப்படி முடிந்த முயற்சியை நேரில் பார்த்த வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

கரைக்காற்று எழுதியது:

//இன்று சாப்பிட்டது நாளை தீர்ந்துவிடும்.//

இல்லை, ஐயா. நான் மூன்றாம் வகுப்பில் சாப்பிட்ட சாப்பாடு இன்னும் தீரவில்லை.

என் அப்பா இறந்த வருடம் அது. அம்மாவுக்கு வேலை கிடைத்த நாளில் சாப்பாடு, கிடைக்காத நாளில் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவர் தினமும் தன் டப்பாவில் பாதியை எனக்குத் தருவார். "எனக்கு இன்று அதிகமாக இருக்கிறது, வீணாகிவிடும்" என்றுதான் சொல்வார். ஒருநாள்கூட "பாவம்" என்று சொன்னதில்லை. இன்று நான் கணக்காளராக இருக்கிறேன். அந்த வருடம் பள்ளியை விட்டிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் அண்ணன் விட்டுவிட்டான்.

கொடுப்பதாக முடிவுசெய்தால் தயவுசெய்து எல்லோருக்கும் கொடுங்கள். "யாருக்குத் தேவை, கையைத் தூக்குங்கள்" என்று கேட்காதீர்கள். நான் தூக்கியிருக்க மாட்டேன்.

செவிலி_ஒருத்தி எழுதியது:

கரைக்காற்று சொன்ன கடைசி வரியை எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

நான் குழந்தைகள் பிரிவில் வேலை செய்பவள். இந்த இழையில் "பசி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துச் சொல்கிறேன்.

அன்றைய பசி ஒன்று. காலையிலிருந்து சாப்பிடாததால் வருவது. சாப்பிட்டால் அன்றே கவனம் திரும்புகிறது. கழித்தல் கணக்குப் பையனுடையது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பசி. வயிறு நிறைந்திருக்கும், சத்து இருக்காது. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைகிறது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது. அதோடு நரம்பிழைகளைச் சுற்றி உறை அமைவதற்கே மூளைக்கு இரும்பு வேண்டும். அயோடின் இன்னொன்று. தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புகளுக்கு முதன்மைக் காரணம் அயோடின் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்பில் அயோடின் சேர்க்கும் முறை சுவிட்சர்லாந்தில் 1922இலேயே தொடங்கிவிட்டது. ஒரு சிட்டிகை உப்பில் தீரக்கூடிய குறை, தீர்க்காமல் விட்டால் ஒரு பிள்ளையின் அறிவு வளர்ச்சியையே பிடித்து நிறுத்துகிறது.

மூன்றாவதுதான் என்னைக் கலங்க வைப்பது. நெடுநாள் பசி. கரு உருவான நாளிலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாள். இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் போதிய உணவு இல்லாமலும், திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வந்தும் வளரும் குழந்தை, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் நின்றுவிடுகிறது. உலக அளவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் இப்படி வளர்ச்சி குன்றியவர்கள் 2022 கணக்குப்படி சுமார் 14.8 கோடிப் பேர். உயரம் வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே. உள்ளே நடந்தது வெளியே தெரியாது. தாய்மார்கள் "எங்கள் குடும்பமே குட்டைதான்" என்று சொல்வார்கள். நானும் சில வேளைகளில் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன், அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது.

நேர்கோடு ஐயாவுக்கு ஒரு தகவல். ஐந்து வயதை ஒட்டிய குழந்தை ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. அதனால் வாசிப்பதற்கும் சாப்பாடுதான் எரிபொருள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

ஆய்வுகளைப் படிப்பது என் தொழில். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது இரு பக்கத்தினருக்கும் கொஞ்சம் வலிக்கும்.

முதலில் கென்யா. 25 மழலையர் பள்ளிகளில் தினமும் காலையில் கஞ்சி கொடுத்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு 25 பள்ளிகளில் கொடுக்கவில்லை. கொடுத்த இடத்தில் பிள்ளைகள் வருவது சுமார் 30 சதவீதம் கூடியது. ஆனால் தேர்வில் முன்னேற்றம் எல்லா இடத்திலும் வரவில்லை. ஆசிரியர் ஏற்கெனவே நல்ல பயிற்சி பெற்றிருந்த பள்ளிகளில் மட்டும் வந்தது. நேர்கோடு பயந்ததும் அங்கே நடந்தது. சமையலும் பரிமாறலும் பாட நேரத்தைக் குறைத்தன.

ஜமைக்காவில் நான்கு கிராமப்புறப் பள்ளிகளில் காலை உணவு கொடுத்துப் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தார்கள். இடவசதியும் ஒழுங்கும் உள்ள வகுப்பில் பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாக ஈடுபட்டார்கள். நெரிசலான வகுப்புகளில் சாப்பிட்ட பிள்ளைகள் சேட்டைதான் கூடுதலாகச் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, பிறகு புரிந்தது. உணவு தெம்பு தருகிறது. அந்தத் தெம்பை வாங்கிக்கொள்ள வகுப்பில் ஏதாவது நடக்க வேண்டும்.

இனி செவிலி அம்மா சொன்ன ஆயிரம் நாள். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் சேர்ந்த சத்துக் கஞ்சி, மற்ற இரண்டில் புரதம் இல்லாத பானம். அந்தக் குழந்தைகள் பெரியவர்கள் ஆனபின் மறுபடி தேடிப் போய்ப் பார்த்தார்கள். முதல் இரண்டு வயதில் சத்துக் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண்கள் ஒரு வகுப்புக்கும் சற்று மேலாகக் கூடுதலாகப் படித்திருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு கஞ்சி குடிக்கத் தொடங்கியவர்களிடம் அந்தக் கூலி வேறுபாடு இல்லை.

இதைவிட முக்கியமானது ஜமைக்காவின் இன்னோர் ஆய்வு. 1986-87இல் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை. சிலருக்குப் பால் சார்ந்த சத்துணவு. சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய், வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு இப்படி நடந்தது. அந்தக் காலத்துக்குள் உணவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது, இரண்டும் கிடைத்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் வருமானம் அவை கிடைக்காத வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். உணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அவ்வளவு காலம் நீடித்த பலன் தெரியவில்லை.

குவாத்தமாலா ஒன்று சொல்கிறது, ஜமைக்கா வேறு சொல்கிறது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த உணவு வேறு, தொடங்கிய வயது வேறு, ஜமைக்காவில் வீட்டுக்கு அனுப்பிய உணவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்திருக்கலாம். இரண்டிலும் பொதுவாக இருப்பது, நீடித்த பலன் தந்தது மிகச் சிறு வயதில் தொடங்கியதுதான் என்பது. மாலைவகுப்பு, உங்கள் கேள்வி "எது" என்பதைப் பற்றி இருக்கிறது. "எந்த வயதில்" என்று கேட்டுப் பாருங்கள்.

நேர்கோடு எழுதியது:

கென்யா பற்றிய தகவலுக்கு நன்றி. நான் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். கரைக்காற்று, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் உங்கள் அண்ணனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாமல் சாப்பாடு மட்டும் போதாது என்பதில் நான் மாறவில்லை. வருமான அளவில் கீழ், நடுத்தர நிலையில் உள்ள நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று பெருந்தொற்றுக்கு முன்பே உலக வங்கி கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்தான். வயிறு நிறைந்த பிள்ளையையும் படிக்காமல் அனுப்ப நம் வகுப்பறைகளால் முடிகிறது.

பழையபலகை எழுதியது:

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நேர்கோடு. சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. "எந்த வயதில்" என்ற கேள்வியைப் படித்ததும் ஒரு விஷயம் முகத்தில் அறைந்தது போல இருந்தது.

எங்கள் வகுப்புக்குப் பெண்பிள்ளைகள் சிலர் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு வயது, ஒன்றரை வயது, இரண்டு வயது. அம்மா வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். குழந்தை அழும், நோட்டைக் கிழிக்கும், மற்றவர்களின் கவனம் சிதறும். அதனால் நாங்கள்தான் ஒரு விதி வைத்தோம், கைக்குழந்தையோடு வரக் கூடாது என்று. அதன் பிறகு அந்தப் பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்கள், மூன்று நாள் வருவதில்லை. வருகைப் பதிவேட்டை இன்று எடுத்துப் பார்த்தேன். அடிக்கடி விடுபடும் ஆறு பேரில் ஐந்து பேர் இவர்கள்தான்.

உணவு யாருக்கு அதிகம் உதவுமோ அவர்களைத்தான் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். திருப்பி அனுப்பியபோது அவர்களின் அக்காக்களின் படிப்பும் சேர்ந்து போனது. கழித்தல் கணக்குப் பையனின் அக்காவும் அந்த ஐவரில் ஒருத்தி. அவனுக்குக் கீழே ஒன்றரை வயதுத் தங்கை இருக்கிறாள்.

செவிலி_ஒருத்தி எழுதியது:

நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன், தம்பி. உடனே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

அந்தக் குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இதற்கென்றே வண்ணம் தீட்டிய நாடா இருக்கிறது. 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. 11.5க்குக் கீழே இருந்தால் நீங்கள் சாப்பாடு போட்டுச் சரிசெய்ய முயலக் கூடாது, அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கடுமையாக மெலிந்த குழந்தைக்குத் தவறான முறையில் உணவு கொடுப்பதே ஆபத்தாகிவிடும்.

சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ இடம் வேண்டும். உள்ளே போகிற சத்து வயிற்றுப்போக்கில் வெளியே போனால் பயனில்லை. சுகாதார நிலையத்தில் குடற்புழு மாத்திரை பற்றியும் கேளுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கிறது. வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒரு பழத்துண்டு சேர்த்தால் கூடுதலாகச் சேரும்.

நெடுநாள் பசியில் வளர்ந்த பெரிய பிள்ளைகளை "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரும் எழுதிவிடாதீர்கள். உயரம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். படிப்பு திரும்பும். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்மணி எழுதியது:

இதுவரை வெறும் வாசகியாக இருந்தேன். அந்த அக்காக்களைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 1970 முதல் 2009 வரை 175 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு குறைந்ததில் ஏறக்குறைய பாதியைப் பெண்களின் கல்வி உயர்ந்ததோடு இணைத்துச் சொல்கிறது. அதாவது 42 இலட்சம் குழந்தைகள். இன்று தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பெண் தொடர்ந்து படித்தால், அவளுடைய பிள்ளைக்கு அந்த ஆயிரம் நாள் வேறு மாதிரி அமையும்.

நன்கொடையாளரிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

சமையலை வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அதை மட்டும் கென்யாவிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நன்கொடையாளரிடம் இந்த இழையை அச்செடுத்தே கொடுத்துவிட்டோம். முழு நேர ஆசிரியர் இல்லை. வாரம் இரண்டு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்து எங்களுக்கே வாசிப்புக் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருகிறார். நூலகம் ஒரு பெட்டி அளவில் தொடங்கியிருக்கிறது. மீதி உணவுக்கு. பிள்ளைகளின் தாய்மார் இருவர் சம்பளத்துக்குச் சமைக்கிறார்கள், வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்பே எல்லோருக்கும் பரிமாறிவிடுகிறோம். யாரையும் கை தூக்கச் சொல்வதில்லை, கரைக்காற்று. நாங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பணம் ஓராண்டுக்குத்தான் வரும், நேர்கோடு ஐயாவின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பின்பக்கம் ஒரு பாய் விரித்திருக்கிறோம். எங்களில் ஒருவர் முறைவைத்து அங்கே சிறு குழந்தைகளோடு இருப்பார். காலி டப்பா, மூடிகள், துணியில் தைத்த பந்து, படம் ஒட்டிய அட்டைகள். முதல் வாரம் ஒரே அழுகை. இப்போது சத்தம்தான், அழுகை குறைந்துவிட்டது. ஏழு குழந்தைகளுக்கும் நாடா வைத்து அளந்தோம். இரண்டு பேர் 12.5க்குக் கீழே இருந்தார்கள். சுகாதார நிலையத்துக்கு நாங்களே அழைத்துப்போனோம், இப்போது அவர்கள் கண்காணிப்பில் இருக்கிறார்கள்.

கழித்தல் கணக்குப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினான். அவனுடைய அக்கா நேற்றோடு தொடர்ந்து பதினோரு நாள் வந்திருக்கிறாள். வகுத்தல் தொடங்கியிருக்கிறோம். மீதி வரும் கணக்கில் அவளுக்குக் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. பழையபலகை ஐயா, அதை எளிதாகச் சொல்லித்தர உங்களிடம் ஏதாவது வழி இருக்கிறதா?

பழையபலகை எழுதியது:

இருக்கிறது. பதினேழு கூழாங்கற்களும் ஐந்து காலி மூடிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒவ்வொரு கல்லாக அவளே பங்கு போடட்டும். கையில் மிஞ்சுவதை அவளே எண்ணட்டும். நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கற்கள் தங்கையின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் வாயில் போட்டுக்கொள்வாள்.